எய்னார் வீட்டு மருந்து டப்பாக்கள்

காற்று முந்தின நாள் மாலையே திரும்பிவிட்டது. மலைக்கு அந்தப் புறமிருந்து இறங்கும் வெதுவெதுப்பான காற்று. வடக்கு மொன்டானாவில் நவம்பர் மாதம் இந்தக் காற்று கிளம்பினால் ஸ்டோனி பெண்ட் பள்ளத்தாக்கில் யாருக்கும் ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. கூரைப்பனி பொத்துப் பொத்தென்று விழும். மாடுகள் தீவனத்தில் வாய் வைத்துவிட்டு எதையோ கேட்டதுபோல நிமிரும். கதவுகள் தாழ்ப்பாளுக்குள் கிடந்து அடித்துக்கொள்ளும். கழுவின பாத்திரத்தையே பெண்கள் இன்னொரு தடவை கழுவுவார்கள்.

டோர்வால்ட் ஹெக்லண்ட் காற்றுக்கு அசைகிற மனிதர் அல்ல. எழுபதைத் தாண்டியும் சட்டையின் கழுத்துப் பொத்தானைப் போடாமல் மாட்டுக்குப் புல் போட வந்ததில்லை. அன்று காலையும் அப்படியே வந்து, வண்டியிலிருந்து உலர்புல்லைக் கவைக்கோலால் தள்ளிவிட்டு, தொட்டியில் பாதி உருகிக் கிடந்த பனிக்கட்டியைக் கோடாலியின் பின்பக்கத்தால் தட்டி ஒதுக்கினார். கை வேலை செய்துகொண்டிருக்க, மனம் போன சனிக்கிழமை நடந்த ஏலத்திலேயே சுற்றியது. சுகமாகத்தான் சுற்றியது.

வசந்தத்தில் இறந்துபோன தம்பி எய்னாரின் தட்டுமுட்டுச் சாமான்களை ஏலம் விட்ட நாள் அது. எய்னாரின் மனைவி மாரென் நகரத்தில் மகளோடு போய் இருக்கப்போகிறாள். கலப்பை, சேணம், கறவைப் பாத்திரம் எல்லாம் போன பிறகு கடைசியில் தோட்டா அடைக்கும் கொட்டகைக்குக் கூட்டம் வந்தது. எல்லாரும் காத்திருந்தது இதற்குத்தான். சுட்டுப்போட்ட தோட்டாக் கூடுகளில் புது வெடிமருந்து நிரப்பி மறுபடி சுடுவது அந்தப் பள்ளத்தாக்கில் எல்லா வீட்டிலும் உள்ள வேலை. ஆனால் எய்னார் அடைத்தது போல இன்னொருவர் அடைத்ததில்லை என்று பேர். அவர் அலமாரியில் பழைய மருந்து டப்பாக்கள் வரிசையாக, கண்ணாடி மாதிரி பளபளத்து நின்றன.

டோர்வால்ட் அலமாரிக்குப் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாக எடுத்துக்காட்டி வயது சொன்னார். டப்பாவைப் பார்த்தே வயது சொல்வதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

"இதோ பாருங்க. கம்பெனி விலாசத்துல ஊர் பேருக்குப் பின்னாடி நம்பர் இல்ல. தபால்காரங்க ஊருக்குள்ள நம்பர் போட ஆரம்பிச்சது ரெண்டாம் உலகச் சண்டைக்கு நடுவுல. அப்ப இது சண்டைக்கு முன்ன வந்த டப்பா. ஓரத்துல ஈயப்பத்து கையால வச்சது. மூடி ஈயக் கலவை, தகரம் இல்ல. முப்பத்தஞ்சுக்கும் முப்பத்தொம்பதுக்கும் நடுவுல."

முதல் டப்பாவின் மூடியைத் திருகி எல்லார் மூக்குக்கும் நீட்டினார். கெட்டுப்போன மருந்து என்றால் புளித்த காடி வாடை மூக்கில் ஏறும். மூடிக்குள் செங்கல் பொடிபோலச் சிவப்பாகப் படிந்திருக்கும். இதில் அது எதுவும் இல்லை. சுத்தமான, இனிப்புக் கலந்த பழைய வாடை. நீளமான மருந்துக் குச்சிகள், கறுப்பாக, ஒன்றோடொன்று ஒட்டாமல் இருந்தன.

"மத்ததெல்லாம்?" என்று கேட்டவர் வெண்டெல் ஸ்ட்ராண்ட். வாய்க்கால் தண்ணீர் விஷயத்தில் அவர் அப்பா காலத்திலிருந்து ஹெக்லண்ட் குடும்பத்தோடு இடக்குப் பேசிவரும் பக்கத்துப் பண்ணைக்காரர்.

"மத்ததும் அதேதான்."

"உள்ள இருக்கிறதுக்கு யாருய்யா பொறுப்பு? செத்தவனா?"

டோர்வால்ட் டப்பாவின் மூடியைத் திருகி மூடினார். "ஹெக்லண்ட் வீட்டு டப்பா, வெண்டெல். மேல என்ன எழுதியிருக்கோ அதுதான் உள்ள இருக்கும். நான் சொல்றேன்."

கூட்டத்தில் பின்னாலிருந்து யாரோ, "அப்புறம் என்ன" என்றார்கள். வெண்டெல் மொத்த வரிசையையும் ஏலத்தில் எடுத்தார். பணம் பெரிதல்ல. சொன்ன சொல்லுக்கு ஊர் நடுவில் மரியாதை கிடைத்ததே, அதைத்தான் டோர்வால்ட் ஆறு நாளாக நினைத்து நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

புல் போட்டு முடிந்ததும் களத்தைக் கடந்து மாரெனின் சமையலறைக்குப் போனார். பாதிச் சாமான் பெட்டிக்குள் போய்விட்ட வீடு. அடுப்பு மட்டும் இன்னும் முழுதாக வேலை செய்துகொண்டிருந்தது. மகள் வீட்டுக்குக் கொண்டுபோக மாரென் லெஃப்ஸா ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். உருளைக்கிழங்கு மாவைக் காகிதம் போலத் தேய்த்து, நீளக் குச்சியால் தூக்கிக் கல்லில் போட்டு, குமிழி வந்ததும் புரட்டினாள்.

"உக்காருங்க. காபி இருக்கு. ஏன் மூஞ்சி அப்படி இருக்கு?"

"என் மூஞ்சியே இப்படித்தான்."

"தெரியும். கல்யாணத்தன்னிக்கே எய்னார்கிட்ட கேட்டேன், உங்க அண்ணனுக்கு இந்தக் கல்யாணம் பிடிக்கலையான்னு. 'ஐயோ, அவன் இப்ப சிரிச்சிக்கிட்டு இருக்கான், பாத்தா தெரியல'ன்னாரு."

டோர்வால்ட் காபியைக் குடித்தார். உள்ளுக்குள் சந்தோஷமாகத்தான் இருந்தது.

"டப்பாவெல்லாம் நல்லா போச்சு" என்றார்.

"போகாம? ரெண்டு நாள் உக்காந்து துடைச்சேன். மேல ஒட்டியிருந்த டேப்பெல்லாம் சருகு மாதிரி ஆயிருச்சு. பாதி தானா கீழ விழுந்து கெடந்தது, கூட்டித் தள்ளுனேன். மிச்சத்தை வெந்நீர் தொட்டு உரிச்சேன். இல்லன்னா அந்த லேபிள் படமெல்லாம் தெரிஞ்சிருக்குமா?"

டோர்வால்ட் கோப்பையைக் கீழே வைத்தார். "என்ன டேப்பு?"

"அதான், உள்ள என்ன இருக்குன்னு எழுதி எய்னார் ஒட்டுவாரே. ஜாம் பாட்டில்ல நான் ஒட்டுறாப்புல."

"எதுக்கு ஒட்டணும்? டப்பாவுலதான் பேரு இருக்கே."

"அது பழைய பேருல்ல?" மாரென் லெஃப்ஸாவைப் புரட்டினாள். "சண்டை முடிஞ்சு ரயில்ல பீப்பா பீப்பாயா பட்டாளத்து மருந்து வந்துச்சே, ஞாபகம் இருக்கா? மளிகைக்கடை வாசல்ல வச்சு சாக்குல அள்ளிக் குடுத்தாங்க. எல்லா வீட்டுலயும் காலி டப்பாவை எடுத்துக்கிட்டு ஓடுனாங்க. எய்னார் ஒரு சாக்கு கொண்டாந்தாரு. இந்த மேசைல வச்சுதான் ஊத்துனோம். நான்தான் புனல் புடிச்சேன். என் மக டோரிஸ் அப்ப வயித்துல இருந்தா, குனிய முடியல, எய்னாரு சிரிச்ச சிரிப்பு..."

"எங்கிட்ட யாரும் சொல்லலையே."

"உங்ககிட்டயா? நீங்கதான் மளிகைக்கடை வாசல்லயே நின்னு, 'ஒரு டப்பாவுல இன்னொரு மருந்தை ஊத்துறவன் மனுஷனே இல்ல'ன்னு கத்துனீங்களாம். எய்னார் சொன்னாரு, 'அண்ணனுக்குத் தெரிஞ்சா தோலை உரிச்சிருவான், வாயத் திறக்காதே'ன்னு."

காற்று ஜன்னல் கண்ணாடியை ஒரு உலுக்கு உலுக்கியது. டோர்வால்ட் எழுந்துவிட்டார்.

"எத்தனை டப்பாவுல ஊத்துனீங்க?"

"முன்னாடி இருந்த ஒண்ணு மட்டும் பழசு, அது எங்கப்பா குடுத்தது. மத்ததெல்லாம்..." அப்போதுதான் மாரென் அவர் முகத்தைப் பார்த்தாள். "ஏன்? மருந்துன்னா மருந்துதானே?"

"அந்த டப்பாவுல எழுதியிருக்கிறது மெதுவா எரியுற மருந்து, மாரென். அதை நிறையப் போடணும். கூடு நிறையப் போடலாம். பட்டாளத்து மருந்து வேகமா எரியும். மெதுவா எரியுறதுக்கு உள்ள அளவை இதுல போட்டா, சுடுறவன் கையிலயே துப்பாக்கி வெடிக்கும். மூஞ்சிக்குப் பக்கத்துல."

அடுப்பில் லெஃப்ஸா கருகியது. அவள் அதை எடுக்கவில்லை.

"வெண்டெல்" என்றாள்.

தொலைபேசி சுவரில் இருந்தது. பள்ளத்தாக்கு முழுவதற்கும் ஒரே கம்பி. ஒரு வீட்டுக்கு மணி அடித்தால் எல்லா வீட்டிலும் அடிக்கும். யார் வேண்டுமானாலும் எடுத்துக் கேட்பார்கள், கேட்காதவர்கள் இல்லை. டோர்வால்ட் கருவியைக் காதில் வைத்தார். இரண்டு பெண்கள் ஒரு பன்றியின் வியாதியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். மாட்டிவிட்டார்.

"அவசரம், வைங்கன்னு சொல்லுங்க" என்றாள் மாரென்.

"சொன்னா என்னன்னு கேப்பாங்க."

"கேக்கட்டும்!"

அவர் வெளியே போனார். களத்தில் வண்டிவரை நடந்தார், திரும்பினார். கொட்டகைக் கதவைச் சாத்தினார். அது சாத்தித்தான் இருந்தது. திரும்பிவந்து கருவியை எடுத்தார். பன்றியை முடித்துவிட்டு, எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்கள். மறுபடி மாட்டினார். ஹெக்லண்ட் என்ற பேரை எடுத்து அந்தக் கம்பியில் போடுவதா? ஆறு நாளைக்கு முன் ஊர் நடுவில் சொன்ன சொல்லை ஒரு பன்றிக் கதைக்கு நடுவில் நுழைத்து எடுத்துக்கொள்வதா? மாரென் கையைப் பிசைந்துகொண்டு அவரையே பார்த்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை.

மூன்றாவது தடவை கம்பி காலியாக இருந்தது. சுழற்றினார். வெண்டெலின் மனைவி தோரா எடுத்தாள்.

"வெண்டெல் இருக்கானா?"

"எங்க இருக்காரு! நேத்து சாயங்காலமே மலைக்குக் கெளம்பிட்டாரு. எல்க் மான் சீசன் இந்த ஞாயித்துக்கிழமையோட முடியுதுல்ல. உங்க வீட்டு மருந்துலதான் தோட்டா அடைச்சு எடுத்துட்டுப் போயிருக்காரு. லாயிட் பெக்கனும் கூடப் போயிருக்கான், அவனுக்கும் ஒரு டப்பா குடுத்தாரு. ஏன், ஏதாவது சேதியா?"

கம்பியில் மூன்றாவதாக ஒரு மூச்சு கேட்டது. யாரோ எடுத்திருந்தார்கள்.

"ஒண்ணுமில்ல" என்றார் டோர்வால்ட். "சும்மாதான்."

அந்த மூன்றாவது குரல் கலகலவென்று, "ஹெக்லண்ட் வீட்டு மருந்துன்னா இந்த வருஷம் மான் தானா வந்து விழும் போங்க!" என்றது.

கருவியை மாட்டினார். கை அதன் மேலேயே இருந்தது.

"சும்மாதானா?" என்றாள் மாரென். கோட்டை மாட்டிக்கொண்டிருந்தாள். "அவகிட்ட சொல்லியிருந்தா அவ மகனை அனுப்பியிருப்பா. அவங்க பண்ணை மலைக்குப் பாதி வழியில இருக்கு."

அவர் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தார்.

வண்டி பாதையில் சேற்றையும் கரையும் பனியையும் வாரி அடித்துக்கொண்டு போனது. வேலிக் கதவு வந்த இடத்திலெல்லாம் மாரென் இறங்கித் திறந்தாள், வண்டி போனதும் மூடிவிட்டு ஓடிவந்து ஏறினாள். பாவாடையின் விளிம்பு நனைந்து கனத்துப் போயிற்று. ஸ்ட்ராண்ட் பண்ணையைக் கடக்கும்போது டோர்வால்ட் வேகத்தைக் குறைத்தார். பிறகு நிறுத்தாமல் அழுத்தினார். வாசலில் யாரும் இல்லை.

"நான் ஒண்ணு சொல்லட்டா?" என்றாள் மாரென்.

"சொல்லு."

"நான் துடைச்சதுதான் தப்புன்னு சொல்லிருங்க. டேப்பை எடுத்தது நான்தானே. பொய்யில்லையே. பொம்பளைக்கு மருந்தைப் பத்தி என்ன தெரியும்னு நாலு பேரு பேசுவாங்க, நான் இந்த மாசம் முடிஞ்சா இங்க இருக்கவும் போறதில்ல. எய்னார் பேரும் கெடாது, உங்க பேரும் கெடாது."

டோர்வால்ட் சாலையையே பார்த்து ஓட்டினார். அது நல்ல யோசனை என்று அவருக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியதே அவரைக் குத்தியது.

"நீ டேப்பை எடுக்கலன்னாலும் அது தானா விழுந்திருக்கும்."

"விழுந்திருக்கும்தான். அதுக்கு?"

பைன் மரங்கள் தொடங்கும் மேட்டில் ஏறும்போது மலைக்குள்ளிருந்து ஒரு வெடிச்சத்தம் வந்தது. காற்று அதைக் கிழித்துக் கொண்டுபோயிற்று. டோர்வால்டின் கால் தானாகப் பிரேக்கில் போய் வண்டி வழுக்கி நின்றது. இருவரும் இரண்டாவது சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள். வரவில்லை. ஒரே குண்டில் மான் விழுந்திருக்கலாம். இரண்டாவதாகச் சுட ஆள் இல்லாமலும் போயிருக்கலாம்.

"ஓட்டுங்க" என்றாள் மாரென். "ஓட்டுங்கன்னா!"

கூடாரம் ஓடைக்கரையில் இருந்தது. கொஞ்சம் தள்ளி, விழுந்து கிடந்த பெரிய எல்க் மானின் மேல் வெண்டெல் குனிந்து நின்று வயிற்றைக் கிழித்துக்கொண்டிருந்தார். முழங்கைவரை ரத்தம். வண்டிச் சத்தம் கேட்டு நிமிர்ந்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"அடடே, ஹெக்லண்டா! மான்ல பங்கு கேக்க வந்தியா?"

மாரென் கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். அழுதுவிடுவாள் போலிருந்தது. டோர்வால்ட் இறங்கிப் போனார்.

"அதை எந்தத் தோட்டாவுல சுட்ட?"

"ஏன், உன் தம்பி மருந்துலதான். நல்ல அடி. ஆனா பழசுங்கிறது சரியாத்தான்யா இருக்கு." கத்தியால் மரத்தில் சாய்த்திருந்த துப்பாக்கியைக் காட்டினார். "சுட்டதும் தோட்டாவைத் தள்ளுற போல்ட் இறுகிப்போச்சு. கட்டையால தட்டித்தான் திறந்தேன். தோட்டா அடியில இருக்கிற கேப்பு சம்மட்டியால அடிச்சாப்புல தட்டையாயிருச்சு. வெதுவெதுப்பான காத்தாச்சே, அந்தச் சூட்டுலதான்னு நெனச்சேன்."

"வெண்டெல், அந்த டப்பாவுல இருக்கிறது அந்த மருந்து இல்ல."

வெண்டெலின் கை நின்றது.

டோர்வால்ட் நேராக நின்று சொன்னார். பட்டாளத்து மருந்து, பீப்பாய், புனல் எல்லாவற்றையும். கேட்கக் கேட்க வெண்டெல் கத்தியைக் காலில் துடைத்துக்கொண்டே இருந்தார், அது சுத்தமான பிறகும்.

"முழு அளவு போட்டியா?" என்று கேட்டார் டோர்வால்ட்.

"இல்ல."

"இல்லயா?"

"பத்துல ஒரு பங்கு கழிச்சுட்டுத்தான் போட்டேன்." வெண்டெல் அவரை நேராகப் பார்த்தார். "உன் வாக்கை நம்பிட முடியுமா, டோர்வால்ட்? ஹெக்லண்ட்காரன் தண்ணி விட்டேன்னு சொன்னா எங்கப்பா வாய்க்காலுக்குப் போய்க் கைய விட்டுப் பாப்பாரு. நான் அவரு மகன்."

வாழ்நாளில் இதைவிடப் பெரிய அவமானச் சொல்லை டோர்வால்ட் கேட்டதில்லை. இதைவிடப் பெரிய நிம்மதியும் அவருக்கு வந்ததில்லை. இரண்டும் ஒன்றாக வந்தன.

"லாயிட் எங்க?" என்று கேட்டது மாரென்.

வெண்டெலின் முகம் மாறியது. "மேல, இடப்பக்கப் பள்ளத்துல. அவன்..." நிறுத்தினார். "அவன் கழிக்கல. நான் சொன்னேன், கழிச்சுப் போடுன்னு. 'டோர்வால்ட் பெரியவரே சொல்லியிருக்காரு, உங்களுக்கு என்ன தெரியும்'னு எங்கிட்டச் சண்டை போட்டான். வரிக்கு வரி மருந்து அளவுப் புஸ்தகத்துல உள்ளபடி போட்டான்."

அவர் கூடாரத்துக்குள் ஓடிக் கடைத் தோட்டா போட்ட பழைய துப்பாக்கி ஒன்றை எடுத்துவந்தார். "மூணு தடவை வானத்தைப் பாத்து சுடுறேன். ஆபத்துன்னா அதான அடையாளம், ஓடி வந்துருவான்."

துப்பாக்கி மேலே போனபோது டோர்வால்ட் பாய்ந்து அந்தக் கையைப் பிடித்தார். "சுடாதே! மூணு சத்தம் கேட்டா அவன் என்ன செய்வான்?"

"வருவான்."

"அதுக்கு முன்னாடி? கேட்டுச்சு, வர்றேன்னு பதிலுக்கு ஒண்ணு சுடுவான்ல?"

வெண்டெல் துப்பாக்கியைத் தரையில் வைத்தார், எழுப்பக்கூடாத குழந்தையை வைப்பது போல.

மாரென் வண்டிக்கு ஓடி ஹாரனை அழுத்தினாள். அது ஓயாமல் அலறியது. ஆனால் காற்று மலையிலிருந்து கீழே அடித்தது. சத்தம் பள்ளத்துக்கு ஏறாமல் ஊர்ப் பக்கமாகவே ஓடியது. டோர்வால்ட் கேட்டுப் பார்த்துவிட்டு நடக்கத் தொடங்கினார். "நீ வலது மேட்டால சுத்தி வா" என்று வெண்டெலிடம் சொன்னார்.

"யோவ், உன் வயசுக்கு..."

அவர் போய்விட்டார்.

பள்ளத்தில் பனி மேலே ஓடு கட்டி, உள்ளே கூழாகியிருந்தது. ஒவ்வொரு அடிக்கும் முழங்கால்வரை இறங்கியது. விழுந்த மரங்களைக் கையால் பிடித்து ஏறிக் கடந்தார். மூச்சு நெஞ்சில் ரம்பம் போல அறுத்தது. கழுத்துப் பொத்தான் அடைப்பதாகத் தோன்ற அதைப் பிய்த்து எறிந்தார். கூப்பிடலாமென்றால் காற்றில் குரல் எங்கும் போகாது. அரைகுறையாகக் கேட்டு அவன் மிரண்டு சுட்டாலும் சுடலாம். லாயிட் எய்னாரின் சவப்பெட்டியைத் தோளில் தூக்கிய அறுவரில் ஒருவன். கைக்குழந்தைக்காரன். அவன் முகமே திரும்பத் திரும்ப வந்தது. அந்த முகத்தின் வலப்பக்கம், போல்ட்டுக்குப் பக்கத்தில் கன்னம் வைக்கும் இடம்.

பாறைத் திருப்பத்தில் சிவப்புத் தொப்பி தெரிந்தது. லாயிட் ஒரு மரக்கட்டையின் மேல் துப்பாக்கியைச் சாய்த்து, கன்னத்தை அதில் பதித்திருந்தான். அவனுக்கு எதிரே வெட்டவெளியில் கிளைக்கொம்புகளோடு ஓர் எல்க் ஆண்மான் தலையைத் தூக்கி நின்றது. லாயிடின் தோள் அசையாமல் இறுகியது.

டோர்வால்ட் கத்தினார். என்ன கத்தினார் என்று அவருக்கே தெரியாது. மான் ஒரு தாவலில் மரங்களுக்குள் மறைந்தது. லாயிட் துள்ளித் திரும்பினான், முகமெல்லாம் சிவந்து.

"யாருய்யா அது! காலையிலேர்ந்து... பெரியவரா? உங்களுக்குப் பைத்தியமா புடிச்சிருக்கு?"

"விரலை வெளிய எடு. விசையிலேர்ந்து விரலை எடு."

அவன் எடுத்தான். பெரியவர் இப்படித் தள்ளாடி அவன் பார்த்ததில்லை. ஓடிவந்து தோளைப் பிடித்தான். டோர்வால்ட் அந்தக் கையை விலக்கிவிட்டு, மரக்கட்டையில் கையூன்றி நிமிர்ந்து நின்றார்.

"தோட்டாவை எடு. எல்லாத்தையும். பையில இருக்கிறதும்."

லாயிட் போல்ட்டை இழுத்து ஒவ்வொன்றாகப் பனியில் தள்ளினான். "என்னாச்சு?"

"டப்பாவுல மருந்து வேற."

"வேறயா? யாரு மாத்துனது? எய்னாரா?"

பதில் தயாராக இருந்தது. ஒன்றுக்கு இரண்டு பதில்கள் இருந்தன, இரண்டும் உண்மை. எய்னார் மண்ணுக்குள் இருந்தார், மாரென் தானாகவே பழியை ஏற்க ஒப்புக்கொண்டிருந்தாள்.

"எய்னார் ஊத்துனான். ஊர்ல எல்லாரும் ஊத்துனாங்க" என்றார் டோர்வால்ட். "ஆனா உங்கிட்ட சத்தியம் பண்ணது அவன் இல்ல. நான் ஒரு டப்பாவை மட்டும் திறந்தேன். மத்ததோட தகரத்தைப் பாத்து வயசு சொல்லிட்டு, உள்ள இருக்கிறதுக்கும் சேத்து வாக்குக் குடுத்தேன். காலைல தெரிஞ்ச பெறகும் போன்ல சொல்லக் கூச்சப்பட்டேன். ரெண்டும் நான் செஞ்சது."

லாயிட் பனியில் கிடந்த தோட்டாக்களைப் பார்த்தான். பிறகு மான் போன திக்கைப் பார்த்தான். பிறகு கட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டான்.

வெண்டெல் மூச்சிரைக்க மேட்டிலிருந்து இறங்கி வந்தபோதும் இருவரும் அப்படியே இருந்தார்கள். வெண்டெல் தோட்டாக்களைப் பொறுக்கித் தன் பையில் போட்டுக்கொண்டார். பிறகு யாரையும் பார்க்காமல் சொன்னார்:

"டோர்வால்ட், இது நம்ம நாலு பேரோட இருக்கட்டும். நான் அந்த டப்பாவையெல்லாம் ஆத்துல கொட்டிடறேன். எய்னார் நல்ல மனுஷன். செத்தவன் பேரை எதுக்கு இழுக்கணும்? நான் வாயத் திறக்கமாட்டேன். எங்கப்பா மேல ஆணை."

ஸ்ட்ராண்ட் வீட்டிலிருந்து ஹெக்லண்ட் வீட்டுக்கு இப்படி ஒரு சொல் வந்ததே இல்லை. டோர்வால்ட் வெண்டெலின் பக்கம் திரும்பினார்.

"அந்தப் பீப்பாய் மருந்தை எத்தனை வீட்டுல வாங்குனாங்க?"

"எல்லா வீட்டுலயுந்தான். எங்கப்பாவும் வாங்குனாரு."

"எல்லா வீட்டுலயும் டேப்பு காஞ்சிருக்கும்."

வெண்டெல் பையிலிருந்த தோட்டாக்களைத் தொட்டுப் பார்த்தார்.

மறுநாள், சனிக்கிழமை மத்தியானம், சர்ச்சின் கீழறையில் அறுவடைச் சாப்பாடு. சாம்பல்நீரில் ஊறின மீனை வேகவைத்த வாடையும், உருகின வெண்ணெய் வாடையும், ஈரக் காலணி வாடையும் அறையை அடைத்திருந்தன. மலையிலிருந்து இறங்கிய வேட்டைக்காரர்கள் எல்லாரும் நீள மேசைகளில் இருந்தார்கள். கடைசி நாள் வேட்டைக்கு மறுநாள் போகிறவர்கள்.

டோர்வால்ட் நாற்காலியை நகர்த்தி எழுந்தார். மாரென் பக்கத்தில் உட்கார்ந்து மேசைத்துணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கரண்டிச் சத்தம் ஒவ்வொரு மேசையாக அடங்கியது.

"போன வாரம் எங்க வீட்டு ஏலத்துல நான் ஒரு வாக்குக் குடுத்தேன்" என்றார். "அது பொய்யாப் போச்சு."

டப்பா, பீப்பாய், டேப்பு, தட்டையான கேப்பு எல்லாவற்றையும் சுருக்கமாகச் சொன்னார். மேடைப் பேச்சுக்குப் பழகாதவர்; அடுத்ததைச் சொல்ல வார்த்தை தேடினார். பின்மேசையிலிருந்து ஒருவர் நம்பாமல் கேட்டார்:

"வெண்டெல் அந்தத் தோட்டாவத்தான சுட்டான்? எப்படிய்யா பொழச்சான்?"

வெண்டெல் வாயில் மீன் இருந்தது. விழுங்கினார். டோர்வால்டைப் பார்த்தார். டோர்வால்ட், "சொல்லு" என்றார்.

"பத்துல ஒரு பங்கு கழிச்சுப் போட்டேன்" என்றார் வெண்டெல். "இவன் பேச்சை நம்பல."

பிறகு யாரோ பக்கென்று சிரித்தார்கள். அது பக்கத்து மேசைக்குத் தாவியது, பெண்கள் மேசைக்குத் தாவியது. பாதிரியார்கூடக் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டார். "பத்துல ஒரு பங்கு!" என்று ஒருவர் மேசையைத் தட்டினார். கீழறை முழுவதும் ஹெக்லண்ட் வார்த்தைக்கு விலை போட்டுச் சிரித்தது.

மாரென் அவர் கோட்டின் நுனியைப் பிடித்துக் கீழே இழுத்தாள். டோர்வால்ட் உட்காரவில்லை. முதுகை வளைக்காமல், கையைப் பக்கவாட்டில் தொங்கவிட்டு, கடைசிச் சிரிப்பும் தேய்ந்து நிற்கும்வரை நின்றார்.

"நான் இன்னும் முடிக்கல" என்றார். "அந்தச் சாக்கு மருந்து உங்க எல்லார் வீட்டு அலமாரியிலயும் இருக்கு. நாளைக்கு யாரும் மலைக்குப் போறதுக்கு முன்னாடி அதை எங்க களத்துக்குக் கொண்டாங்க. பனிமேல கொட்டி எரிச்சிடலாம். எங்க வீட்டுது முதல்ல எரியும்."

இப்போது யாரும் சிரிக்கவில்லை. சுவரோரத்தில் லாயிட் பெக்கன் எழுந்து, குழந்தையை மனைவியின் மடிக்கு மாற்றிவிட்டு, கோட்டை எடுத்தான்.

"நாளைக்கு எதுக்கு, பெரியவரே?" என்றான். "எங்கப்பா டப்பா வண்டியிலேயே இருக்கு."

அவனுக்குப் பின்னால் நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது.